புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சிவதாணு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு பக்க அளவில் கதை வேண்டும் என்றார். ஒரு கிலோ ஆணி கட்டச் சொல்கிற அதே குரல். அவரிடம் ஒரு பழைய போலீஸ் ரிவால்வர் இருந்தது. கதை இல்லாத துப்பாக்கி பழைய இரும்பு, கதை உள்ள துப்பாக்கி சரித்திரம் என்று அவர்தான் எனக்கு விளக்கினார். இலக்கியத்தை இவ்வளவு மதித்து இதுவரை யாரும் என்னிடம் பேசியதில்லை. மயங்கிப் போய் ஒப்புக்கொண்டேன்.

கோவளம் பக்கத்துக் கடற்கரை விடுதி ஒன்று [பெயரைச் சொன்னால் விளம்பரம், சொல்லாவிட்டால் பாதுகாப்பு] வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் ரிவால்வரைக் காட்சிக்குப் போட விரும்பியது. பக்கத்தில் சட்டம் போட்ட அட்டையில் அதன் வரலாறு. விடுதி மேலாளர் விபின் என்கிற இளைஞர், வரலாறு வாசிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று மட்டும் நிபந்தனை வைத்தார். எனக்குக் கூலி, அந்த விடுதியில் ஒரு நாள் மதியச் சாப்பாடு. வேண்டுமட்டும் எடுத்துச் சாப்பிடலாம்.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"பொன்முடி மலையில் பனி விலகாத ஒரு காலையில், போலீஸ் துரை தன் ரிவால்வரை எடுத்து" — [துரை எடுத்துவிட்டால் எதிரே கொள்ளைக்காரன் வந்தாக வேண்டும். கொள்ளைக்காரன் வந்தால் அவனுக்கு மீசை. வேண்டாம்.]

"இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் வாய் இருந்தால்" — [இருக்கிறது. ஈயம் ஊற்றி அடைத்திருக்கிறார்கள்.]

"சிவதாணுவின் இடது கால் பெருவிரலில் ஆறாத புண் ஒன்று இருந்தது."

விபின் இதைப் பார்த்துவிட்டு, புண் எதற்கு என்று கேட்டார். அப்போது எனக்கும் தெரியவில்லை. அட்டைக்கு ஆகாத அந்த வாக்கியத்திலிருந்துதான் நீங்கள் வாசிக்கிற கதை தொடங்குகிறது.

2

சிவதாணுவுக்கு அறுபத்தெட்டு வயது, வலியசாலையில் சொந்த வீடு, உடம்பு நிறையச் சர்க்கரை. அவர் சேகரிப்பது போலீஸ்காரர்கள் இடுப்பில் சுமந்த ரிவால்வர்களை மட்டும். பட்டாளத்துத் துப்பாக்கியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார். வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பொழுதுபோகாதவர்கள் என்பார்.

ஏன் போலீஸ் மட்டும்? அவர் சொன்ன காரணம் தொழில்நுட்பம். என் ஊகம் வேறு. தராசுப் படிக்கல் விவகாரம் ஒன்றில் இளவயதில் அவரை ஒரு ஸ்டேஷனில் பகல் முழுக்கக் கைகட்டி நிற்க வைத்தார்கள். அன்றிலிருந்து காக்கியைக் கண்டால் அவருக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும். இப்போதோ காக்கிக்காரர்களின் ரிவால்வர்கள் அவர் வீட்டு அலமாரியில் வரிசையாகக் கிடக்கின்றன. குழாய் அடைத்து, குண்டைத் தட்டும் ஊசி பிடுங்கி, அலங்காரப் பொருள் என்று முறையாகக் காகிதமும் வாங்கியிருக்கிறார். அவற்றின் முன்னால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு உலாவுவார்.

வயது கணிப்பதில் மனிதர் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. உடம்பில் வெட்டிய எண், குழாயில் அடித்த சோதனை முத்திரை, கைப்பிடி அடியில் கயிறு மாட்டும் வளையம், உறை உரசித் தேய்ந்த பக்கம் இவற்றைப் பார்த்து, எந்தக் காலத்தில் செய்தது, வலது இடுப்பில் கிடந்ததா இடது இடுப்பிலா என்று சொல்லிவிடுவார். சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் சொன்னால் அப்பீல் இல்லை.*

விலைக்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: அழுக்கைத் தொடாதே. பழைய எஃகின்மேல் படிந்த கறுப்பும் பழுப்பும்தான் அதன் வயசுக்கு அத்தாட்சி. துடைத்தவன் கெட்டான்.

அவருடைய மணிமகுடம், நான் கதை எழுத வேண்டிய அந்த வெப்லி ரிவால்வர். நடுவில் மடங்கித் திறக்கும், ஆறு குண்டு போடலாம். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் போலீஸ் துரை ஒருவருடைய பொன்முடி பங்களாவிலிருந்து வாங்கியதாகக் குழுவில் சொல்லியிருந்தார். உண்மையில் அது வந்தது ஏலத்தில் எடுத்த ஒரு சாக்குப் பழைய இரும்பில், கதவுக் கீல்களுக்கு நடுவில். இடது பக்கம் முழுக்கப் பழைய கிரீஸ் தார்போல இறுகிக் கிடந்தது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் துரை போய்விடுவாரோ என்ற பயம் என்று நினைக்கிறேன்.

* குழுவில் ஒரு பல் டாக்டர் மட்டும் அப்பீல் செய்வார். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் குழாய்க்குள் விட்டுப் பார்ப்பவர் அவர். இந்தக் கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை.

3

விதியை உடைத்தது அவர் மனைவி செண்பகவல்லி. அவர் சரஸ்வதி பூஜைக்கு வீட்டையும் கடையையும் சேர்த்துத் துலக்குகிறவர். தராசு, படி, கத்தரி, ஸ்கூட்டர் சாவி எல்லாம் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து, சாமி முன்னால் அடுக்கப்படும். ஆயுத பூஜைக்கு ஆயுதம் வைக்காமல் ஸ்கூட்டர் சாவியை வைக்கிறோமே என்று அவருக்கு வெகுநாள் மனக்குறை. இந்த வருடம் சிவதாணு கால்புண்ணோடு மாடியில் படுத்திருந்தார். செண்பகவல்லி அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே அழுக்கானதைத் தேர்ந்தெடுத்தார்.

புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் ஒரு முற்பகல் முழுக்க வேலை செய்தன. சிவதாணு அஷ்டமி சாயங்காலம் தீபாராதனைக்கு இறங்கி வந்தபோது, புத்தகங்களுக்கும் படிக்கற்களுக்கும் நடுவில் ரிவால்வர் எவர்சில்வர் டம்ளராக மின்னிக்கொண்டிருந்தது. குழாயில் சந்தனம், விசைக் குதிரையில் குங்குமம், வளையத்தில் ஒரு செம்பருத்தி.

அக்கம்பக்கத்தார் நின்றதால் அவரால் கத்த முடியவில்லை. கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். எல்லோரும் போன பிறகு, நூறு வருட அழுக்கை ஒரே நாளில் தொலைத்துவிட்டாயே, அதற்குத்தான் விலை என்று புலம்பினார். செண்பகவல்லி அசரவில்லை.

"அழுக்குக்கா விலை? அப்பம், நம்ம கடையில வண்டி வண்டியா கெடக்கு, அள்ளிக் குடுங்க."

எடுத்து உள்ளே வைக்கவும் வழியில்லை. பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலைவரை யாரும் தொடக் கூடாது. அந்த வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது, பல் டாக்டருக்கும் கிடையாது. ஆக, கிரீஸ் போன இடது பக்கத்தைக் கூடத்துக்குக் காட்டிக்கொண்டு துப்பாக்கி அப்படியே இருந்தது.

4

மறுநாள் காலை சுசீலாபாய் வந்தார். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், பாறசாலைக்காரர், இப்போது கரமனையில் தனியாக இருக்கிறார். ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து சிவதாணுவின் புண்ணுக்குக் கட்டு மாற்றுவார். சிவதாணு நாற்காலியில், சுசீலாபாய் எதிரே முக்காலியில், கால் அவர் மடியில் விரித்த துண்டின்மேல். பூஜை நேர் எதிரே.

சிவதாணு இரவெல்லாம் கோபப்பட்டுவிட்டு, விடிந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு, தொடாமல் குனிந்து பார்த்திருந்தார். பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். குழுவில் சொல்ல முடியாது, துரையின் பங்களா இடிந்துவிடும். கட்டுப் போட வருகிற நர்ஸிடம் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? டார்ச்சை அடித்துக் காட்டினார்.

இன்னா, இங்கே தெரிகிறதே சங்கு, அது திருவிதாங்கூர் போலீஸ் முத்திரை. அதன் கீழே 116, துப்பாக்கியின் ஸ்டேஷன் நம்பர். பின்னால் ஒரு நட்சத்திரமும் 71-ம் இருக்கிறதே, அதுதான் விசேஷம். சர்க்கார் ஆயுதசாலையில் ரிப்பேர் பார்த்தால் மட்டுமே நட்சத்திரம் அடிப்பார்கள், பக்கத்தில் வருடம். ராஜா போய், ஐக்கிய கேரளம் வந்து, எழுபத்தொன்றில்கூட இது சர்க்கார் கையில்தான் இருந்திருக்கிறது. இந்த விஷயத்தில் தனக்குத் தப்பாது என்று பெருமையாக முடித்தார்.

சுசீலாபாயின் கை நின்றது. அந்த நம்பரை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். சிவதாணு வாசித்தார். நட்சத்திரத்தையும் வருடத்தையும் வாசிக்கச் சொன்னார். அதையும் வாசித்தார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அப்புறம் சுசீலாபாய், குனிந்த தலை நிமிராமல், பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டே சொன்னார். அவர் அப்பா ஞானாபரணம் சப் இன்ஸ்பெக்டர், எல்லையோர ஸ்டேஷன் ஒன்றில். அவர் பொறுப்பில் இருந்த 116ஆம் நம்பர் ரிவால்வர் காணவில்லை என்று எழுபதில் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். கள்ளக்கடத்தல்காரனுக்கு விற்றுக் குடித்துவிட்டார் என்று பேச்சு. ரிப்பேருக்கு ஆயுதசாலையில் கொடுத்தேன் என்று அவர் சாகும்வரை சொன்னார். அங்கே வாங்கி வைத்தவர் வாங்கவே இல்லை என்றார். சர்ச் சபையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் ஆள் உட்காரவில்லை. சுசீலாபாயைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, துப்பாக்கி விற்றவர் மகளா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்படியே வயதாகிவிட்டது. பைபிளில் எத்தனையாவது சங்கீதம் என்று மறந்தாலும் அந்த வீட்டில் 116 யாருக்கும் மறக்கவில்லை.

"எழுபதுல வித்துக் குடிச்ச துப்பாக்கிக்கு எழுபத்தொண்ணுல சர்க்காரு எப்பிடி அண்ணாச்சி முத்திரை போட்டாவ?"

சிவதாணுவுக்குக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டு பாதியில் இருந்தது.

சுசீலாபாய் துப்பாக்கி வேண்டும் என்று கேட்கவில்லை. பணம் கேட்கவில்லை. பூஜை எடுத்த பிறகு, ஒரே ஒரு தடவை தன்னோடு வந்து, போலீஸ் ஆபீசர் முன்னால், இப்போது சொன்னதைச் சொன்னால் போதும் என்றார். அப்புறம் தன் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று அதைச் சொல்லிக்கொள்வாராம்.

5

[இந்த இடத்தில் சிவதாணுவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "சிவதாணு வஞ்சகமாகச் சிரித்தார்" என்று எழுதி அடித்தேன். அவர் சிரிக்கவில்லை, வியர்த்தார். "சிவதாணுவின் கண்கள் கலங்கின" என்று எழுதி அதையும் அடித்தேன். கலங்கின, ஆனால் தனக்காக.]

நவமியன்று என்னை அவசரமாக வரச் சொன்னார். போனேன். காலையில் நடந்ததைச் சொல்லிப் பூதக்கண்ணாடி கொடுத்தார், தொடாமல் பார்த்தேன். சங்கு, 116, நட்சத்திரம், 71. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைகூட வாசிக்கும். இது என் கண்ணால் கண்டது. கதையில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால் நம்பக் கூடாது என்று நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சுசீலாபாய் தன் போனில் படம் எடுத்திருந்தார். செண்பகவல்லியின் கைவரிசையில், படத்தில் எழுத்து தெரியாமல் வீட்டு டியூப்லைட் மட்டும்தான் பளிச்சென்று விழுந்திருந்தது. நான் எடுக்கலாமா என்று கேட்டேன். விடுதிக்காரர்கள் வாங்கும்வரை படம் கூடாது என்று சிவதாணு கையை நீட்டி மறைத்தார்.

அவர் பேச்சு மாறியிருந்தது. அந்த ஏழு ஒருவேளை ஒன்றாக இருக்கலாம் என்றார். நட்சத்திரம் தனியார் பட்டறைக்காரனும் அடித்திருக்கலாம் என்றார். கடைசியாக, "நான் இரும்புக் கடைக்காரன், எனக்கு என்ன தெரியும்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அடக்கம் வந்திருந்தது.

அவர் பயந்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆபீசர் முன்னால் அந்த முத்திரையை வாசித்தால், சர்க்கார் சாமான் உனக்கு எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. துப்பாக்கி போகும், விடுதி போகும், பொன்முடித் துரை போவார், பல் டாக்டர் சிரிப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, மறுபடியும் ஒரு ஸ்டேஷனில் கைகட்டி நிற்க வேண்டும். அந்த மனிதரின் கை அதை நினைத்தே மடங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக எரிச்சலும் வந்தது.

அட்டைக்கதையைச் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

6

விஜயதசமிப் பகல். இந்த இடத்தில் நான் இல்லை. கண்டதுபோல் எழுதுகிறேன், அது என் தொழில்.

சிவதாணு சந்தனத்தைத் துடைத்து ரிவால்வரைத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். பின்கட்டில் உட்கார்ந்தார். இரும்புக் கடையில் அரத்துக்கா பஞ்சம்? சொரசொரப்பானது, நைசானது, எலிவால் அரம், அதற்குப் பிறகு உப்புத்தாள் மூன்று தரத்தில், அதற்குப் பிறகு எஃகைக் கறுப்பாக்கும் திராவகம். செண்பகவல்லி தேய்த்துக் கெடுத்ததைச் சீர்படுத்துகிறேன் என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டார். கெட்டதன்மேல் இன்னும் கொஞ்சம் கெட்டால் என்ன?

முதலில் சங்கின்மேல் அரத்தை வைத்தார். முடியவில்லை. சேகரிப்பாளனுக்கு அது கோயில் சிலையின் மூக்கை உடைக்கிற மாதிரி. எடுத்துவிட்டு நட்சத்திரத்தின்மேல் வைத்தார். நட்சத்திரம் போயிற்று. 71 போயிற்று. 116 மட்டும் இருந்தால் கேள்வி வரும் என்று அதுவும் போயிற்று. தனியாக நின்ற சங்கு "என்ன?" என்று கேட்பதுபோல் இருந்தது, அதனால் கடைசியில் அதுவும்.

வயதில்லாத, ஊரில்லாத, நம்பரில்லாத ஒரு கறுத்த ரிவால்வர் அவர் கையில் இருந்தது. அதை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். யாராவது கொண்டுவந்து வயது கேட்டிருந்தால், இதற்கு வயது சொல்ல முடியாது, எவனோ மடையன் தேய்த்திருக்கிறான் என்று சொல்லியிருப்பார்.

குழுவில் படம் போட்டதும் அப்படித்தான் சொன்னார்கள். விபினுக்கு மட்டும் பிடித்திருந்தது. "இப்போழாணு ஒரு லுக் வந்தது, சேட்டா" என்றாராம், இப்போதுதான் ஒரு களை வந்திருக்கிறதாம். துரையும் பனியும் மீசைக் கொள்ளைக்காரனுமாக நான் எழுதிக் கொடுத்த அட்டை இன்று அதன் பக்கத்தில் நிற்கிறது. மேலே "சரித்திரம்" என்று தலைப்பு. சாப்பாட்டில் கரிமீன் நன்றாக இருந்தது.

7

முடிவுகள் சில யோசித்தேன்.

(அ) சிவதாணு மனம் திருந்தி, பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். வாசகர்களுக்குப் பிடிக்கும். சிவதாணு ஒத்துழைக்க மாட்டார்.

(ஆ) சுசீலாபாய் கட்டுப் போட வருவதை நிறுத்துகிறார். புண் புரையோடுகிறது. விரல் போய், பாதம் போய் —

நடந்தது வேறு. தசமி கழிந்து சுசீலாபாய் வழக்கமான நாளில் வந்தார். அலமாரிக்கு வெளியே கறுத்துப்போய்க் கிடந்த ரிவால்வரை எடுத்து, இடது பக்கம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. எடுத்த இடத்தில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து துண்டை விரித்தார். சிவதாணு காலை நீட்டத் தயங்கினார். சுசீலாபாயே காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பழைய கட்டை நனைத்து, நோகாமல் பிரித்தார். புண் நன்றாக ஆறி வருகிறது என்றார். சிவதாணு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வலிக்கிறதா என்று கேட்டார் சுசீலாபாய். இல்லை என்றார் அவர். சுசீலாபாய் புதுக் கட்டைப் போட்டு முடித்தார்.

இன்றைக்கும் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறார்.

8

கிழக்கேகோட்டையில் என் வீட்டைத் தேடி சுசீலாபாய் வந்தபோது இந்தக் கதை ஏழாம் பகுதிவரை ஆகியிருந்தது. நான் பார்த்ததை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முத்திரை இல்லாத துப்பாக்கிக்கு என் சாட்சி நிற்காது, சிவதாணு மறுத்தால் அவதூறு வழக்கு வரும், அதைவிடக் கதை அதிகம் பேரிடம் போகும் என்று அவருக்கு விளக்கினேன். நிறைய விளக்கினேன். பிறகு வாசித்துக் காட்டினேன்.

(ஆ) முடிவு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சீ, மனுஷனுக்க காலை வச்சா கதை எழுதுவாவ? அத எடுங்க."

[எடுக்கவில்லை. பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.]

முழுக்கக் கேட்ட பிறகு, பெயர்களையெல்லாம் மாற்றியாயிற்றா என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். அப்பா பெயரை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார். சரி என்றேன். அச்சில் வரும்போது இது கதை என்று போடுவார்களா என்று கேட்டார். போடாமல் முடியாது, கீழே எல்லாம் கற்பனை என்று ஒரு வரியும் சேர்ப்பார்கள் என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்பம் அண்ணாச்சி அரம் வச்சுத் தேச்சாவ. நீங்க பேனா வச்சுத் தேச்சியோ. எனக்க அப்பா கதையில மட்டும் கள்ளன் இல்ல, அவ்வளவுதான?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். நல்ல வாக்கியங்கள் இரண்டு தயாராகத்தான் இருந்தன. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

ஆகவே இதற்கு முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. சங்கும் 116-ம் நட்சத்திரமும் 71-ம் இப்போது இருக்கிற ஒரே இடம் இந்தப் பக்கங்கள்தான். கற்பனை என்கிற வரியை நான் எழுதப்போவதில்லை. அச்சிடுகிறவர்கள் கீழே சேர்த்திருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். சேர்த்திருந்து, அதை நீங்களும் ஒப்புக்கொண்டால், அதுதான் முடிவு. இல்லையென்றால், என்றாவது பாறசாலைப் பக்கம் யாராவது உங்களிடம், "ஞானாபரணமா? துப்பாக்கிய வித்துக் குடிச்ச ஆளுல்லா?" என்று கேட்பார்கள். அப்போது நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அது.